நிரம்பிய கட்டங்கள்

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு முதலியவற்றின் தாயான தொல் ஜெர்மானிய மொழியின் இலக்கண நூல் எதை எடுத்தாலும் வினைத்திரிபு அட்டவணை ஒன்று கட்டாயம் இருக்கும். இடப்பக்கம் தன்மை, முன்னிலை, படர்க்கை. மேலே ஒருமை, இருமை, பன்மை. நிகழ்காலத்துக்கு ஒரு பத்தி, இறந்தகாலத்துக்கு ஒரு பத்தி, ஏவலுக்கும் வியங்கோளுக்கும் தனித்தனியே சில வரிகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஓர் உடுக்குறி (*). இந்தச் சொல் எந்த ஏட்டிலும் எந்தக் கல்லிலும் கிடைக்கவில்லை, பின்னால் வந்த மொழிகளை ஒப்பிட்டு நாங்களாகச் சென்று சேர்ந்த வடிவம் இது என்று அந்தக் குறி சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கத்தைப் பரவலாக்கியவர் மொழியியலாளர் ஆகஸ்ட் ஷ்லைகர். நேர்மையான வழக்கம்தான். ஆனாலும் இந்த அட்டவணைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு நெருடல் எழுகிறது. உடுக்குறிகள் இருப்பது அதற்குக் காரணமில்லை. கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கின்றனவே, அதுதான் காரணம். நாம் நாளும் பேசுகிற மொழியின் வினைகள்கூட இவ்வளவு சீராக வந்து வரிசையில் நிற்பதில்லை. சில வடிவங்களை ஒருவரும் சொல்வதில்லை. சிலவற்றை ஊருக்கு ஒரு விதமாகச் சொல்கிறோம். சிலவற்றை ஐயத்தோடு சொல்லிப் பார்த்துவிட்டு வேறு விதமாக மாற்றிக்கொள்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு டென்மார்க்கிலும் தென் ஸ்காண்டிநேவியாவிலும் வட ஜெர்மனியிலும் பேசிக்கொண்டிருந்தவர்கள் இந்தத் தயக்கம் எதுவும் இல்லாமலா வாழ்ந்திருப்பார்கள்?

ஒலிகளை மீட்டெடுப்பதில் எனக்கு இந்த ஐயம் வருவதில்லை. ஒலிமாற்றம் கண்மூடித்தனமாக நடப்பது. ஒரு சொல்லின் பொருளையோ பெருமையையோ அது பார்ப்பதில்லை. ஓர் இடத்தில் மாறினால், அதே சூழல் வாய்த்த எல்லா இடத்திலும் மாறுகிறது. அதனால்தான் ஜெர்மானிய மெய்யொலிகளின் மாற்றம் பற்றி 1822இல் யாக்கோப் கிரிம் எழுதிய விதிகள் இன்றும் நிற்கின்றன. 1879இல் வெளிவந்த தம் நூலில் இருபது வயது தாண்டிய மொழியியலாளர் சோசூர், எந்த மொழியிலும் அதுவரை காணாத சில ஒலிகள், ஜெர்மானியத்துக்கும் கிரேக்கத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் மூலமான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். களிமண் பலகைகளில் கிடைத்த ஹிட்டைட் மொழியில் அவற்றில் ஒன்றின் எச்சம் இருப்பதை 1927இல் குரிலோவிச் காட்டினார். பார்க்காத ஒன்றை இருக்கிறது என்று சொல்லி, அது அரை நூற்றாண்டு கழித்துக் கண்ணெதிரே வந்து நிற்பது எந்தத் துறைக்கும் பெரிய பேறு. ஆனால் ஒலிக்கணக்குக்குச் சான்று தந்த அதே ஹிட்டைட், வினைக்கணக்கைக் கலைத்துப் போட்டது. கிரேக்கத்தையும் சமஸ்கிருதத்தையும் பார்த்து, மூலமொழியின் வினை பல காலங்களும் பல பாங்குகளும் கொண்ட பெரிய மாளிகை என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவற்றைவிடப் பழைய எழுத்துச் சான்று கொண்ட ஹிட்டைட்டில் காலம் இரண்டே. கிரேக்கத்தில் தழைத்திருக்கும் வினைப்பிரிவுகள் பல அங்கே இல்லை. ஜெர்மானியத்திலும் காலம் இரண்டுதான்: இறந்தகாலம், இறவாக்காலம். அந்த எளிமை, இருந்ததை எல்லாம் தொலைத்தபின் மிஞ்சியது என்று பழைய நூல்கள் உறுதியாகச் சொல்லின. இன்றும் பெரும்பாலோர் கருத்து அதுதான், எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் அந்த உறுதி போய்விட்டது.

வினையை மீட்பது ஏன் இத்தனை கடினம்? பேசுகிறவர்கள் தம் வினைகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஒலிமாற்றம் ஒரு வினையின் வடிவங்களைத் தாறுமாறாக்கிவிட்டுப் போகும். பிறகு வரும் தலைமுறைக் குழந்தைகள் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்து, அந்தக் கோணலை நிமிர்த்துவார்கள். நிமிர்ந்த வடிவம் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது பழமையை மறைத்திருக்கிறது என்று பொருள். ஆங்கிலத்தில் பள்ளிப் பிள்ளைகளைத் தடுமாற வைக்கும் 'வாஸ்', 'வேர்' இணையை எடுத்துக்கொள்வோம். ஒருமையில் ஸகரம், பன்மையில் ரகரம். இந்த முரண் ஏன்? பழைய ஆங்கிலத்தில் இது இன்னும் பல வினைகளில் இருந்தது. டச்சு மொழியில் உறைதலைக் குறிக்கும் 'வ்ரீஸன்', இறந்தகாலத்தில் 'வ்ரோர்' என்று இன்றும் ரகரத்துக்கு மாறுகிறது. கிரிமின் விதிகளுக்கு அடங்காத இத்தகைய ஒலிகளை நெடுங்காலம் விதிவிலக்குகள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கார்ல் வெர்னர் என்ற டேனிஷ்காரர்தான் 1875இல் காரணத்தைக் கண்டார். 1877இல் அவர் கட்டுரை அச்சில் வந்தது. ஒரு பிற்பகல் உறக்கம் வரவழைக்க மொழியறிஞர் பாப்பின் ஒப்பிலக்கணத்தைக் கையில் எடுத்துப் படுத்தபோது அவருக்கு இது தோன்றியதாகச் சொல்வார்கள். முந்தைய அசையில் அழுத்தம் இருந்தால் ஒலி ஸகரமாகவே நின்றது. அழுத்தம் வேறெங்காவது இருந்தால் அது குரல்பெற்று மாறி, நாளடைவில் ரகரமாயிற்று. இதில் வியப்பு என்னவென்றால், அந்த அழுத்தம் எந்த ஜெர்மானிய மொழியிலும் இல்லை. எல்லா ஜெர்மானிய மொழிகளிலும் அழுத்தம் சொல்லின் முதலசையில் போய் நிலைத்துவிட்டது. பழைய அழுத்தத்தின் இடத்தைத் தெரிந்துகொள்ள வெர்னர் வேதகால சமஸ்கிருதத்துக்குப் போக வேண்டியிருந்தது. 'நான் அறிவேன்' என்பதற்கு அங்கே 'வேத', அழுத்தம் முதலசையில். 'நாங்கள் அறிவோம்' என்பதற்கு 'வித்ம', அழுத்தம் ஈற்றில். உதாத்தம், அனுதாத்தம் என்று தலைமுறை தலைமுறையாகச் செவிவழியே காத்துவந்த ஓதுவோர் இல்லாவிட்டால், ஓர் ஆங்கிலக் குழந்தை ஏன் 'வாஸ்' என்றும் 'வேர்' என்றும் சொல்கிறது என்று இன்றும் யாருக்கும் தெரிந்திருக்காது. வட கடலோரத்தில் ஒலி மறைந்துபோன ஓர் அழுத்தத்தை இந்தியாவில் அதிகாலை ஓதும் குரல்கள் வைத்திருந்தன. இந்த எண்ணம் வரும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

இப்போது கோத்திக் மொழிக்கு வருவோம். ஜெர்மானிய மொழிகளில் நீண்ட நூலாக நமக்குக் கிடைத்த மிகப் பழைய மொழி அது. 4ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா விவிலியத்தை அதில் பெயர்த்தார். மூத்த சாட்சி என்பதால் பழமையையும் அதுவே காட்டும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் கோத்திக்கில் 'இருந்தேன்' என்பது 'வாஸ்', 'இருந்தோம்' என்பது 'வேஸும்'. இரண்டிலும் ஸகரம். கோத்தியர்கள் அந்தக் கோணலை நேராக்கிவிட்டார்கள். பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட பழைய ஆங்கிலத்தில் 'வேரொன்' என்று ரகரம் அப்படியே இருக்கிறது. தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் வினையில் கோத்திக்குக்கு 'குசும்', பழைய ஆங்கிலத்துக்கு 'குரொன்'. வயதில் மூத்தது இளையதைவிடக் குறைவாக நினைவில் வைத்திருக்கிறது. கோத்திக்கிலும் அங்கங்கே சில சுவடுகள் தப்பி நிற்கின்றன; உறங்குதலைச் சொல்லும் வினையின் இறந்தகாலம் ஓரிடத்தில் ஸகரத்தோடும் இன்னோரிடத்தில் குரல்பெற்ற ஒலியோடும் எழுதப்பட்டிருக்கிறது. நகலெடுத்தவர் கை தயங்கியதா, பேச்சே அப்படி இரண்டுபட்டிருந்ததா? அந்த ஒரு தடுமாற்றம் எனக்கு முழு அட்டவணையைவிட அருமையானது. மற்ற வடிவங்கள் ஒரு மொழியின் விதியைக் காட்டுகின்றன. இது அந்த விதிக்குள் வாழ்ந்த மனிதர்களைக் காட்டுகிறது.

அதற்காகக் கோத்திக்கை ஒதுக்கிவிட முடியுமா? முடியாது. என் நெருடலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஊதா நிறம் ஏற்றிய தோலில் வெள்ளியாலும் பொன்னாலும் எழுதிய கோத்திக் விவிலியச் சுவடி ஒன்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியை ஆண்ட கோத்திய மன்னர் தியடோரிக்கின் காலத்தில், பெரும்பாலும் ரவென்னாவில் எழுதப்பட்டது. முதலில் 336 ஏடுகள். மிஞ்சியவை 188, அவற்றில் ஓர் ஏடு 1970இல்தான் ஜெர்மனியின் ஷ்பையர் பேராலயத்தில் கிடைத்தது. ரவென்னாவிலிருந்து அது எப்படி ஆல்ப்ஸைக் கடந்தது என்பதற்குத் தடயம் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் வெர்டன் மடத்தில் தட்டுப்படுகிறது; பிராகாவுக்குப் போகிறது; 1648இல் ஸ்வீடன் படை கொள்ளைப்பொருளாக வாரிக்கொண்டு வருகிறது; இடையில் நெதர்லாந்துக்குப் போய், விலைக்கு மீட்கப்பட்டு, 1669இல் உப்சாலாவுக்கு வந்து சேர்கிறது. வழியில் எங்காவது ஒரு தீ, ஒரு வெள்ளம், பழைய தோலைச் சுரண்டிவிட்டு வேறெதையாவது எழுத நினைத்த ஒரு கை போதும். வேறு சில கோத்திக் ஏடுகளுக்கு அப்படித்தான் நடந்தது. மேலெழுத்துக்கு அடியில் மங்கலாகத் தெரியும் வரிகளைத்தான் படித்தெடுத்தார்கள். இந்தக் கோத்திக் ஏடுகள் இல்லாமல் போயிருந்தால் தொல் ஜெர்மானிய வினையில் எவை நமக்குத் தெரியாமல் போயிருக்கும்? செயப்பாட்டு வினையை ஒரே சொல்லால், விகுதி மாற்றத்தால் சொல்வது கோத்திக்கில்தான் ஒரு முறையாக இருக்கிறது. 'அழைக்கப்படுகிறான்' என்பது 'ஹைதத'. பழைய ஆங்கிலத்தில் அந்த முறையின் எச்சமாக மிஞ்சியது 'ஹாத்தெ' என்ற ஒற்றைச் சொல். அதற்கும் அதே பொருள்தான். சுவடிகள் அழிந்திருந்தால் 'ஹாத்தெ'யை விளங்காத ஒரு விந்தை என்று அடிக்குறிப்பில் தள்ளியிருப்போம். முதலெழுத்தை இரட்டித்து இறந்தகாலம் ஆக்கும் வழக்கமும் அப்படியே: கோத்திக்கில் 'ஹெஹைத்' என்று தெளிவாக நிற்பது, பழைய ஆங்கிலத்தில் 'ஹெஹ்த்' என்றும், பழைய நார்ஸில் விதைத்தலைக் குறிக்கும் வினையின் 'செர' என்றும் சிதறிக் கிடக்கிறது. அந்தச் சிதறல்களைக் கூட்டி ஒரு முறையைக் கண்டுபிடித்திருப்போமா? ஒருவேளை முடிந்திருக்கும். அட்டவணையில் செயப்பாட்டுவினைக்கு என்று ஒரு பத்தி போட்டிருக்க மாட்டோம் என்பது மட்டும் உறுதி. இன்று அந்தப் பத்தி இருக்கிறது, கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. அந்த உடுக்குறிகளும் 'வாஸ்' என்ற சொல்லின் முன்னால் நிற்கும் உடுக்குறியும் பார்வைக்கு ஒன்றேதான். ஒன்றின் பின்னால் எல்லாக் கிளைமொழிகளும் நிற்கின்றன. இன்னொன்றின் பின்னால் ஒரு மொழியின் சில ஏடுகளும் சில எச்சங்களும். அதிலும் அந்த ஏடுகள் கிரேக்க மூலத்தை வரிக்கு வரி ஒட்டிச்சென்ற மொழிபெயர்ப்பு. சந்தையிலும் அடுப்படியிலும் கோத்தியர்கள் செயப்பாட்டுவினையை அவ்வளவு தாராளமாகப் பேசினார்களா என்று கேட்க ஆளில்லை.

இலத்தீன் இந்த ஐயத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. இலத்தீனின் மகள்மொழிகளான பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், போர்த்துகீசு, ருமேனியன் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, இலத்தீன் நூல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று கொண்டு, தாயை மீட்டெடுக்க முயலலாம். ஒலிகள் பெருமளவு கிடைக்கும். பெயர்ச்சொற்கள் கிடைக்கும். வினையில் ஒற்றைச் சொல்லால் ஆன செயப்பாட்டுவினை கிடைக்காது. எல்லா மகள்களும் அதைத் தொலைத்துவிட்டார்கள். இலத்தீனின் பழைய எதிர்கால விகுதியும் கிடைக்காது. சிசெரோ வாய் திறந்த ஒவ்வொரு நாளும் பயன்படுத்திய வடிவங்கள் அவை. நம் அட்டவணையில் அவற்றுக்கு வெற்றுக் கட்டம்கூட இராது, ஏனென்றால் அப்படி ஒரு கட்டம் தேவை என்றே நமக்குத் தோன்றாது. தொல் ஜெர்மானிய மக்கள் நாளும் பேசி, எல்லாக் கிளைகளும் தொலைத்த வினைவடிவங்கள் எத்தனை? எண்ண வழியில்லை. மீட்டுருவாக்கத்தில் தவறுகள் நேர்கின்றன என்பது என்னை உறுத்துவதில்லை, தவறுகள் திருந்தும். காணாமல் போனதற்கு வடிவமே இல்லாமல் போவதுதான் உறுத்துகிறது.

ஜெர்மானிய மொழிகளின் வினைகளுக்கு 'வலியவை', 'மெலியவை' என்று பெயரிட்டவர் கிரிம். தன் உயிரொலியைத் தானே மாற்றிக்கொண்டு இறந்தகாலம் ஆகும் வினை வலியது. வெளியிலிருந்து ஒரு விகுதியைத் துணைக்கு அழைப்பது மெலியது. அந்தப் பெயரிடலில் அவருடைய காலத்தின் பெருமித உணர்வும் கலந்திருக்கிறது. மெலியது என்று அவர் சொன்ன வகைதான் பின்னால் எல்லா ஜெர்மானிய மொழிகளிலும் பெருகியது. அந்த மெலிந்த வினையின் 'த' விகுதி எங்கிருந்து வந்தது என்பது இருநூறு ஆண்டு வழக்கு. தமிழ் படித்தவருக்கு அந்தத் தகரத்தைக் கண்டதும் நன்னூல் சொல்லும் இறந்தகால இடைநிலைகளான த், ட், ற், இன் நினைவுக்கு வரும், 'செய்தேன்' என்பதில் உள்ள தகரமும் வரும். அந்த ஒற்றுமை தற்செயல். உறவு கொண்டாட அதில் இடமில்லை. பாப் முதலியோர் சொன்னது இது: 'செய்தேன்' என்று பொருள்படும் தனி வினைதான் ஒட்டி விகுதியாயிற்று, 'காத்தல் செய்தோம்' என்பதே 'காத்தோம்' ஆயிற்று. கோத்திக்கின் 'நசிதேதும்' என்ற பன்மை வடிவத்தையும், பழைய உயர் ஜெர்மனில் 'நாங்கள் செய்தோம்' என்று பொருள்படும் 'தாதும்' என்ற சொல்லையும் அடுத்தடுத்து வைத்தால் நெஞ்சு ஒப்புக்கொள்கிறது. காதும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் கற்கள் முழுதாக ஒப்புக்கொள்வதில்லை.

தென் யூட்லாந்தின் கல்லெஹுஸில் 1734இல் ஒரு பொற்கொம்பு கிடைத்தது. அதன் விளிம்பில் பழைய ஜெர்மானியரின் ரூன் எழுத்துகள், ஏறத்தாழ கி.பி. 400 என்று கணிக்கிறார்கள். கொம்பைச் செய்தவர் தம் பெயரைச் சொல்லி, தாம் அதைச் செய்ததாகச் சொல்லும் சிறு வாசகம். கடைசிச் சொல் 'தவிதோ': 'செய்தேன்'. ஒரு மெலிந்த வினை தன் முழு உடலோடு எழுந்து நிற்கும் மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. அந்தக் கொம்பும் இப்போது இல்லை. 1802இல் ஹைடன்ரைக் என்ற பொற்கொல்லர் கோபன்ஹேகனில் அதைத் திருடி உருக்கிவிட்டார். நமக்கு மிஞ்சியது முன்னமே வரைந்து வைத்திருந்த படங்கள். ஆக, ஜெர்மானிய வினையின் தலைசிறந்த சாட்சிகளில் ஒன்றை நாம் தாளில் உள்ள கோடுகளை நம்பித்தான் படிக்கிறோம்; அதற்கு மட்டும் உடுக்குறி போடுவதில்லை. நார்வேயில் ட்யூன் என்ற இடத்துக் கல் இன்னும் நிற்கிறது, ஏறத்தாழ அதே காலத்தது. அதிலும் 'செய்தேன்' என்ற பொருளில் ஒரு சொல்: 'வொரஹ்தோ'. இங்கேதான் சிக்கல். 'செய்' வினை ஒட்டியதாகக் கொண்டால், ககரத்தை அடுத்து வரும் ஒலிக்கூட்டு இப்படி 'ஹ்த' என்று முடிந்திருக்கக் கூடாது. இது வல்லொலியான பழைய தகரத்தைக் காட்டுகிறது, 'செய்' வினையின் முதலொலி அதுவன்று. பெயரெச்ச வடிவத்தின் தாக்கம் என்று சிலர் விளக்கினார்கள். விகுதியின் மூலமே அந்த எச்சம்தான் என்று வேறு சிலர். அதே கல்லில், மூன்று மகள்கள் ஏதோ ஒன்றை ஆயத்தம் செய்ததைச் சொல்லும் 'தாலிதுன்' என்ற பன்மையும் இருக்கிறது. கோத்திக்காக இருந்தால் அங்கே 'தேதுன்' என்ற நீண்ட விகுதி வந்திருக்கும். இங்கே குறுகியது நிற்கிறது. நீண்டது குறுகியதா, குறுகியது கோத்திக்கில் நீண்டதா? அட்டவணை எழுதுகிறவர் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்து, உடுக்குறி போட்டு, கட்டத்தை நிரப்புகிறார். எனக்கு 'செய்' விளக்கம்தான் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது சான்றாகாது என்பதையும் மறக்க முடியவில்லை.

கோத்திக்கின் கடைசிச் சுவடும் ஒரு 'செய்தான்'தான். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கான்ஸ்டாண்டிநோபிளில் தூதராக இருந்த பிளெமிஷ்காரர் புஸ்பெக், கிரிமியாவிலிருந்து வந்த இருவரிடம் அங்கே பேசப்பட்ட கோத்திக்கின் சொற்களைக் கேட்டு எழுதினார். தோற்றத்தில் வடநாட்டவர் போல இருந்தவர் தம் மொழியை மறந்துவிட்டிருந்தார். மொழி தெரிந்தவர் கிரேக்கர். அவர் சொன்ன பட்டியலில் பெயர்ச்சொற்கள் நிறைய, விகுதி ஏற்ற வினைகள் மிகக் குறைவு. 'செய்தாய்', 'செய்தான்' என்பனவற்றுக்கு 'வர்ததா' என்று இருக்கிறது. 'சொல்கிறேன்' என்று பொருள் எழுதிய 'மல்ததா', வடிவத்தைப் பார்த்தால் இறந்தகாலம் போலத் தோன்றுகிறது. கேட்டவர் தவறாகப் புரிந்துகொண்டாரா, சொன்னவர் 'சொன்னேன்' என்றாரா? பெயர்ச்சொல் கைமாறும்போது அதிகம் சிதைவதில்லை. பின்லாந்து மக்கள் ஜெர்மானியரிடமிருந்து கடன் வாங்கிய 'குனிங்கஸ்', அரசன் என்ற சொல்லை ஈற்று ஸகரத்தோடு இன்றும் ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறார்கள். வினையின் அடியைக் கடன் வாங்கலாம். அதன் திரிபு முறையை யாரும் கடன் வாங்குவதில்லை. பேசுகிறவர் போனால் அதுவும் போய்விடும்.

ஷ்லைகர் 1868இல் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிலேயே செம்மறியும் குதிரைகளும் பற்றி ஒரு குட்டிக்கதை எழுதினார். மூலமொழியின் உயிரொலிகள் சமஸ்கிருதத்தை ஒத்தவை என்ற நம்பிக்கையில் அகரமயமாக எழுதினார். 1939இல் வெளிவந்த ஹிர்ட்டின் வடிவத்தில் எகரமும் ஒகரமும் புகுந்துவிட்டன. 1979இல் லேமனும் ஸ்குஸ்டாவும் மீண்டும் மாற்றினார்கள். கதை ஒன்றே. ஒவ்வொரு தலைமுறையும் தன் அறிவை அதில் எழுதிப் பார்த்தது. அதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். தவறு வேறிடத்தில் நேர்ந்தது: மீட்டுருவாக்கிய மொழிக்கு மீட்டுருவாக்கிய ஓர் இனத்தைச் சேர்த்துவைத்தார்கள். 1935இல் நாஜிகள் தொடங்கிய அனநெர்பே அமைப்பு ரூன் எழுத்துகளையும் ஜெர்மானியத் தொன்மையையும் தன் இனவெறிக்கு இழுத்துக்கொண்டது. உறுதியில்லாததை உறுதியாக எழுதும் பழக்கம் தாளோடு நின்றுவிடுவதில்லை.

ஒப்பியலில் நிமிர்ந்த வடிவங்களைவிடக் கோணல்களே வலுவான சான்று என்று பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே வற்புறுத்தினார். ஜெர்மனில் 'இஸ்ட்', 'ஸிண்ட்'; இலத்தீனில் 'எஸ்ட்', 'சுந்த்'; சமஸ்கிருதத்தில் 'அஸ்தி', 'சந்தி'. ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே உள்ள இந்த விந்தையான மாற்றம் தற்செயலாக மூன்று இடத்தில் தோன்றியிருக்காது. இந்தக் கோணல்களிலிருந்துதான் அட்டவணை பிறக்கிறது. பிறந்த அட்டவணை அவற்றை எல்லாம் நேர்வரிசையில் நிறுத்திவிடுகிறது. கோத்தியர்கள் தம் வினைக்குச் செய்ததையே நாமும் இரண்டாவது முறையாகச் செய்கிறோம்.

கட்டங்களை வெறுமையாக விட வேண்டிய இடத்தில் விட வேண்டும். விட முடியாத இடத்தில் எந்த மொழி சாட்சி, எத்தனை இடத்தில் என்று பக்கத்திலேயே சொல்ல வேண்டும். எல்மார் ஸேபோல்ட் 1970இல் வெளியிட்ட ஜெர்மானிய வலிய வினைகளின் அகராதி இந்த வழியில் நடக்கிறது. ஒவ்வொரு வினைக்கும் கீழே கோத்திக்கில் என்ன கிடைக்கிறது, நார்ஸில் என்ன, ஆங்கிலத்தில் என்ன, எதில் ஒன்றும் இல்லை என்பதை அவர் தனித்தனியே வைக்கிறார். படிக்கக் கடினமான நூல். ஜெர்மானிய வினைகளைக் கற்க விரும்புகிறவர்கள் அதை முதலில் திறக்க வேண்டும், நிரம்பிய அட்டவணைகளை அதற்குப் பிறகு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.